அன்று கிணற்றடி, இன்று தேக்கு மேசை

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றின் தலைவாசலில் நின்று உள்ளே பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நிலைகள் வரிசையாகத் திறந்துகொண்டே போகும். கடைசி நிலையில் பின்தெருவின் வெளிச்சம் தெரியும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் அவை. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் என்று அந்த நீளம் முழுக்கச் செல்வம் பேசும். ஆனால் படுக்கும் அறையை ஒட்டி ஒரு குளியலறை எங்கே என்று தேடினால் கிடைக்காது. கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொரு அறை வளவைச் சுற்றி இருந்தது. குளியலுக்கு எல்லாரும் பின்னால் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும்.

இன்று அந்த வீடுகளில் சில தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. அறைக்கு அறை குளியலறை வந்துவிட்டது. அங்கே போய்க் கதவைத் திறந்தால், ஒரு காலத்தில் வட்டிக்கடைக் கணக்கு எழுதிய மேசையின் தலையில் வெள்ளைப் பீங்கான் பேசின் உட்கார்ந்திருக்கிறது. துண்டுகள் பழைய கண்ணாடி பீரோவில் அடுக்கியிருக்கின்றன. விடுதியில் பார்த்துவிட்டு வந்தவர்கள், பாத்ரூமைப் புதுப்பிக்கும்போது தங்கள் வீட்டிலும் அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். சென்னை, கோவை அடுக்குமாடிகளில் இது இப்போது பரவிவரும் ஆசை. எனக்கு இந்த ஆசையில் குறை இல்லை. பழைய மரம் வெயிலிலும் மழையிலும் கிடந்து மட்குவதைவிட, ஒரு வீட்டில் தினமும் கைபடும் இடத்தில் இருப்பது நல்லது. எந்தச் சாமானைக் கொண்டுவருகிறோம், எதற்காக அது தன் இடத்தை விட்டுப் பெயர்ந்தது, ஈரத்தில் அதை எப்படி வாழவைப்பது என்ற மூன்றையும் கேட்காமல் செய்வதுதான் என்னை வருத்துகிறது.

முதலில் கிணற்றடியைச் சரியாக நினைவுகூர வேண்டும். நம் வீடுகளில் குளியல் என்பது கல்லும் உலோகமும் தண்ணீரும் சேர்ந்த காரியம். துவைக்கிற கல், மஞ்சள் உரைக்கிற கல், மாட்டுக்கும் மனிதருக்கும் நீர் நிரப்பிவைக்கும் கல்தொட்டி, வெந்நீர் அண்டா, செம்புத் தவலை, பித்தளைச் சொம்பு. வசதியுள்ள வீட்டில் நடுவே கரி போட்டு எரிக்கும் செம்புப் பாய்லர். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, புதனும் சனியும் ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல். அந்த இடத்துக்கு வந்த ஒரே மரச்சாமான் உட்காருகிற மணைப்பலகை. அதையும் குளித்து முடித்ததும் சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்து வைத்துவிடுவார்கள். தண்ணீர் வடிந்து, அடிப்பக்கம் காற்றாடி, மறுநாளைக்குள் காய்ந்துவிடும். மரமும் ஈரமும் எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கலாம் என்ற கணக்கு அந்தச் சிறு பழக்கத்தில் இருந்தது.

அந்தக் காலத்தைப் பொன்காலமாக எழுத என்னால் முடியாது. கழிப்பிடத்தை வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளிவைத்ததற்கு நாற்றம் ஒரு காரணம், தீட்டு இன்னொரு காரணம். தோட்டத்துக் கடைசியில் இருந்தது எடுப்புக் கக்கூஸ். அதைத் தினமும் கையால் அள்ளிச் சுமந்தவர்கள் பின்சந்து வழியாக வந்து பின்சந்து வழியாகவே போனார்கள். அவர்கள் வீட்டுக்குள் கால்வைக்கக் கூடாது என்பதற்காகவே ஊர்களில் அப்படிச் சந்துகள் விடப்பட்டன. மனிதரை மலம் அள்ளவைப்பதற்குத் தடை விதித்து 1993-இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டமும் வர வேண்டியிருந்தது. விடிவதற்கு முன்பே இருட்டில் எழுந்து குளித்து முடிக்க வேண்டிய கட்டாயம் பெண்களுக்கு இருந்தது. மழைக்காலத்தில் காய்ச்சல்காரரும் பிள்ளை பெற்றவளும் அந்தத் தோட்டம் தாண்டித்தான் போனார்கள். குளியலறை வீட்டுக்குள் வந்தது பெரிய விடுதலை. குழாயும் நீரடைப்புக் கழிப்பறையும் செப்டிக் டேங்கும் வந்த பிறகே அது நடந்தது. அது உள்ளே வந்து உலர்ந்த இடமாக மாறத் தொடங்கியதால்தான் இன்று அங்கே மரத்தை வைக்கலாமா என்ற பேச்சே எழுகிறது.

மதராஸ் பங்களாக்களில் கதை கொஞ்சம் வேறு. வெள்ளைக்காரத் துரைமார் வீட்டிலும், அவர்களைப் பார்த்துப் பழகிய வக்கீல், ஜமீன் வீடுகளிலும் வாஷ்ஸ்டாண்ட் என்ற சாமான் இருந்தது. தேக்கு அல்லது தோதகத்திக் கால்கள், மேலே சலவைக்கல் பலகை, சுவரில் நீர் தெறிக்காமலிருக்கப் பின்னால் உயர்ந்து நிற்கும் இன்னொரு கல், நடுவில் பீங்கான் கூஜாவும் கிண்ணமும். வேலைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார், அழுக்கு நீரை எடுத்துப் போவார். சென்னைக்குச் செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872-இல் வந்தது. கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையம் 1914-இல் வந்தது. வீட்டுக்குள் குழாய் நுழைய நுழைய வாஷ்ஸ்டாண்டின் வேலை போயிற்று. அது தாழ்வாரத்துக்கு நகர்ந்து, பிறகு பரணுக்கு ஏறி, கடைசியில் ஏலத்துக்குப் போனது. மரச்சாமான்களில் தண்ணீருக்காகவே பிறந்தது அது ஒன்றுதான். பழைய பொருளைக் குளியலறையில் வைக்க விரும்புகிறவர் முதலில் தேட வேண்டியதும் அதைத்தான். சலவைக்கல்லில் குழாய்க்கும் கழிவுநீருக்கும் துளை போட்டால் மரத்தைத் தொடவே வேண்டாம். பழைய வேலைக்கே அது திரும்பிவிடும்.

செட்டிநாட்டுச் சாமான் சந்தைக்கு வந்த வழி துயரமானது. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரின் வாணிபம் ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சைகோன் என்று விரிந்திருந்தது. அந்தப் பணம்தான் வீடுகளாக நின்றது. 1930-இன் பொருளாதாரச் சரிவில் பர்மா நெல் விலை விழுந்தது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும் உயிர் தப்பி வந்தார்கள். சுதந்திர பர்மாவில் நிலம் அரசுடைமையானது. 1960-களில் கடைகளும் போயின. ஊருக்குத் திரும்பியவர்களின் பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது என்று பங்காளிகள் பெருகிய பின், ஓடு மாற்றக்கூட ஆளுக்கு ஆள் கேட்டு முடிவெடுக்க வேண்டிய நிலை. கூரை ஒழுகத் தொடங்கினால் சில மழைக்காலங்களில் தேக்கு உத்திரமே உளுத்துவிடும். அந்த நிலையில் வீட்டைப் பிரித்துத் தூண், கதவு, பெட்டகம் என்று விற்றவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் பெருகியது அப்படித்தான். அங்கே நடந்தால் அண்டா, எனாமல் பாத்திரம், ரவிவர்மா அச்சுப்படம், ஊஞ்சல் சங்கிலி, கடிகாரம், தேக்கு நிலை எல்லாம் ஒன்றாகக் குவிந்திருக்கும். ஒரு குடும்பம் மகளுக்குக் கொடுத்த சீர் முழுதும் ஒரே கடையில் தூசி பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோவது எளிதல்ல.

ஆனால் இன்று திசை மாறியிருக்கிறது. முன்பு வீடு விழுந்ததால் சாமான் கடைக்கு வந்தது. இப்போது கடையில் கேட்பார் இருக்கிறார்கள் என்பதால் நிற்கிற வீடும் பிரிக்கப்படும் அபாயம் வந்திருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் ஊர் பெயர் இருந்தால் மட்டும் ஒரு கதவு காப்பாற்றப்படுவதில்லை. காப்பாற்றுவது வாங்குகிறவர் கேட்கும் கேள்வி. மேசை, நாற்காலி, பீரோ, முக்காலி, கண்ணாடிச் சட்டம் இவை நடமாடும் சாமான்கள். வீட்டுக்கு வீடு போவது அவற்றின் இயல்பு. நிலை, கதவு, தூண், உத்திரம், ஜன்னல் இவை வீட்டின் உடம்பு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும், நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளோடு கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அப்படிப்பட்டதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மகளின் அமெரிக்க வீட்டுக்குக் கப்பலேற்றலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நிலைக்கதவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மேல் விட்டத்தில் கஜலட்சுமி செதுக்கிய நிலையைக் குளியலறை வாசலாகவும், அந்தச் செதுக்குப் பலகையை மட்டும் அறுத்துப் பேசின் கண்ணாடிக்கு மேலே அலங்காரமாகவும் வைத்திருப்பதைப் பார்க்கிறேன். தலைமுறை தலைமுறையாக மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, மணமகள் காலெடுத்து வைத்து நுழைந்த நிலை அது. பக்தி இல்லாதவருக்கும் அது ஒரு குடும்பத்தின் தலைவாசல். குளியலறை இன்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த நிலைக்கு அது இடமில்லை. பொன்னிற வேலைப்பாடு வேண்டுமென்றால் பூ, கொடி, அன்னம் செதுக்கிய கண்ணாடிச் சட்டங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன.

இனி ஈரத்தைப் பற்றி. பழைய மேசைமேல் பேசின் வைத்த படங்கள் பெரும்பாலும் மேலைநாட்டு வீடுகளுடையவை. அங்கே குளியல் தொட்டிக்குள் முடிந்துவிடும், தரை உலர்ந்திருக்கும். நம்முடையது வாளியும் சொம்பும் கொண்ட குளியல். முழுத் தரையையும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். ஹெல்த் ஃபாசெட் வேறு பீய்ச்சுகிறது. ஆகவே புதுப்பிக்கும் வேலையின் முதல் செலவு மேசைக்கு அல்ல, தரைக்கு. குளிக்கும் பகுதியைக் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பிரித்து, அந்தத் தரையை அரை அங்குலமாவது தாழ்த்தி, வாட்டத்தை மேசையிருக்கும் பக்கத்துக்கு எதிராக விட வேண்டும். ஜன்னல் இல்லாத அடுக்குமாடிக் குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். இவற்றுக்கு இடமில்லாத ஐந்துக்கு ஆறடி அறையில் பழைய மரத்தை வைக்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. அதற்கு வெளியே, கைகழுவும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தேக்குக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. தேக்கின் சேகில் எண்ணெய் இருக்கிறது, கரையான் எளிதில் தொடாது, கப்பல்தளம் வரைக்கும் அது உழைத்த மரம். ஆனால் சேகு பாயாத வெளிமரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, பூச்சி அரிப்பது அங்கிருந்துதான். பழைய சாமானில் பின்பலகையும் இழுப்பறையின் அடிப்பலகையும் பல சமயம் மட்டமான வேறு மரம். திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். திருப்பும்போதே வயதையும் பார்த்துக்கொள்ளலாம். இழுப்பறை ஓடும் தடம் தேய்ந்திருக்கிறதா, மறைவான பக்கத்தில் இழைப்புளி ஓடிய மேடு பள்ளம் கைக்குத் தட்டுப்படுகிறதா, திருகாணிகளின் தலையில் ஒற்றைக் கோடா ஸ்டார் வெட்டா என்று பாருங்கள். ஸ்டார் திருகு உலகத்துக்கே 1930-களில் வந்தது. அதற்கு முந்தைய சாமான் என்று சொல்லி விற்பதில் எல்லாத் திருகும் ஸ்டாராக இருந்தால் கேள்வி கேட்கலாம். புதிய மரத்துக்குச் சாயம் ஏற்றிப் பழசென்று விற்பதும் நடக்கிறது.

மரம் குறுக்குவாட்டில் மூச்சுவிடும். ஐப்பசி மழையில் விரியும், பங்குனி வெயிலில் சுருங்கும். நல்ல ஆசாரிகள் செய்த பழைய மேசைகளில் மேல்பலகை இந்த அசைவுக்கு இடம் விட்டே பொருத்தப்பட்டிருக்கும். துளையில் முளை செருகிய மூட்டுகளில் ஆணியே இருக்காது. இது தெரியாமல் மேல்பலகையைச் சுவரோடும் கல்லோடும் இறுக்கித் திருகினால் ஒரே ஆண்டில் நடுவே பிளந்துவிடும். சுவருக்கும் மேசைக்கும் இடையே இரண்டு அங்குலம் காற்றுக்கு விட வேண்டும். கால்களின் அடிப்பக்கம்தான் மிகவும் பலவீனமான இடம். மரத்தின் இழை அங்கே வெட்டுப்பட்டு நிற்பதால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தரை ஈரத்தை மேலே இழுத்துக்கொள்ளும். அடியில் வார்னிஷை இரண்டு மூன்று முறை ஊறவிட்டு, பித்தளைக் குப்பி மாட்டி, அதையும் சிறிய கடப்பாக் கல் துண்டின்மேல் நிறுத்தினால் நெடுநாள் நிற்கும்.

பழைய சாமானின் மினுமினுப்பு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பஞ்சால் தேய்த்த ஸ்பிரிட் பாலிஷ். பார்க்க அதைவிட அழகான பூச்சு கிடையாது. ஈரக் கிண்ணம் வைத்தால் வெள்ளை வளையம் விழும், சானிடைசர் பட்டால் கரையும். குளியலறைக்கு அது போதாது. நீர் தாங்கும் பியூ பாலிஷோ படகு வார்னிஷோ பூச வேண்டியிருக்கும். மேல்பக்கம் மட்டும் பூசிவிட்டு அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் ஒருபக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். ஆறு பக்கமும் பூசச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன் மெஷின் வைத்து வெள்ளையாகத் தேய்த்துவிடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். எண்பது, நூறு ஆண்டு கைபட்டுப் பழுத்த நிறத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பச்சை, நீலம் என்று பழைய எண்ணெய்ப் பெயின்ட் அடித்த பீரோவென்றால் இன்னொரு எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதை உப்புத்தாளால் வறட்சியாகத் தேய்த்தால் தூள் பறந்து குழந்தைகளின் மூச்சில் போகும். நனைத்துத் தேய்க்க வேண்டும், வீட்டுக்கு வெளியே, முகமூடியோடு.

உயரத்தையும் அளந்து பார்க்காமல் வாங்குகிறார்கள். எழுதும் மேசை சுமார் 30 அங்குலம். அதன்மேல் 5 அங்குலப் பேசின் உட்கார்ந்தால் விளிம்பு 35. ஐந்தடி உயரமுள்ள பாட்டி முகம் கழுவினால் முழங்கை வழியாகத் தண்ணீர் ரவிக்கைக்குள் இறங்கும். 26, 27 அங்குலமுள்ள பக்கமேசை கிடைத்தால் அதுவே பொருத்தம். மேசைக் கால்களை அறுத்துக் குட்டையாக்குவது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது.

பழைய கண்ணாடிகள் விளிம்பில் கறுத்துக்கொண்டே போவதற்குக் காரணம், பின்னாலிருக்கும் வெள்ளிப் பூச்சுக்குள் ஈரம் புகுவது. பின்பக்கத்தையும் விளிம்பையும் அடைத்து, ஷவருக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் அந்தக் கறுப்பு மெல்ல ஏறும். நாள்தோறும் முகம் பார்க்கப் புதுக் கண்ணாடியைப் பழைய சட்டத்தில் போட்டுக்கொண்டு, பழைய கண்ணாடியைக் கூடத்தில் மாட்டிவிடலாம் என்பேன்.

மரத்தை விட்டுவிட்டுக் கிணற்றடிக்கே திரும்பிப் போகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்கள்மேல் எனக்குத் தனி மதிப்பு. பித்தளை அண்டாவின் அடியில் துளையிட்டுப் பேசினாக்குகிறார்கள். கல்தொட்டியைச் சுவரோரம் நிறுத்தி மேலே குழாய் வைக்கிறார்கள். சீர்வரிசையில் வந்த எனாமல் தட்டு சோப்புத் தட்டாகிறது. இவை பிறப்பிலேயே தண்ணீரோடு பழகியவை. பித்தளையில் களிம்பு ஏறினால் புளி இருக்கிறது. ஆனால் அதே புளியும் எலுமிச்சையும் சலவைக்கல்லில் பட்டால் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். சலவைக்கல் சுண்ணாம்பின் பிள்ளை, புளிப்பு அதற்கு ஆகாது. போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை போக வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. பழைய சாமான் வைத்த குளியலறையில் அந்தப் பாட்டில் நுழையவே கூடாது. வீட்டு வேலைக்கு உதவும் அம்மாவிடம் இதை முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் பட்டால் உடனே துடைக்க மேசைக் காலோரம் ஒரு பருத்தித் துணியும் தொங்கட்டும்.

குழாய் வேலைக்கு பிளம்பரைத் தனியாக விட்டுவிடாதீர்கள், ஆசாரியும் கூட நிற்க வேண்டும். கழிவுக் குழாய்க்கும் பாட்டில் டிராப்புக்கும் இடம் வேண்டும் என்பதற்காக மேசையின் மூன்று இழுப்பறைகளையும் பிடுங்கி எறிந்துவிட்டு, முகப்பை மட்டும் ஆணியடித்து மூடிவிடுவதே வழக்கமாகிவிட்டது. அது தேவையில்லை. நடு இழுப்பறையின் பின்பாகத்தில் ‘ப’ வடிவில் ஒரு வெட்டு போட்டால் குழாய் கடந்துபோகும், இழுப்பறையும் ஓடும். பக்கத்து இழுப்பறைகளைத் தொடவே வேண்டாம். மேல்பலகையில் போடும் துளையும் குழாய்க்கு வேண்டிய அளவோடு நிற்கட்டும். அறுத்தெடுத்த மரத்துண்டுகள், கழற்றிய பித்தளைக் கைப்பிடி, பூட்டு, சாவி எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, எந்த ஊரில், எந்தக் கடையில், எந்த ஆண்டு வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி அதே இழுப்பறையில் வைத்துவிடுங்கள். நம் குளியலறைகள் இருபது ஆண்டுக்கு ஒருமுறை இடிபடுகின்றன. அந்தத் தேக்கு அதற்குப் பிறகும் இருக்கும். அடுத்த ஆசாரி அதை மறுபடி எழுதும் மேசையாக்க அந்தத் துண்டுகள் வேண்டும்.